உருகிய தங்கமும் ஊறிய மரமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இன்கா மன்னர் அதஹுவல்பா தன்னை விடுவிக்க ஓர் அறை நிறையத் தங்கம் கொடுத்தாராமே. அந்தத் தங்கம் இப்போது எங்கே இருக்கிறது?

பதில்: ஏறக்குறைய முழுவதும் உருக்கப்பட்டுவிட்டது. 1532 நவம்பர் 16 அன்று பெருவின் கஹமார்க்கா நகரில் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோவின் ஆட்கள் 168 பேர் அதஹுவல்பாவைச் சிறைபிடித்தார்கள். ஏறத்தாழ 22 அடி நீளம், 17 அடி அகலமுள்ள ஓர் அறையில் எட்டடிக்குச் சற்று மேலே கோடு போட்டு, அதுவரை தங்கத்தை நிரப்பித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். வெள்ளி அதற்கு மேல் தனி.

வந்து குவிந்தவை தங்கக் கட்டிகள் அல்ல. குடங்கள், தட்டுகள், சிலைகள், குஸ்கோ சூரியன் கோயிலின் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த நூற்றுக்கணக்கான தகடுகள் என எல்லாமே கைவேலைப் பொருள்கள். ஆனால் வீரர்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டும், ஸ்பெயின் மன்னருக்கு ஐந்தில் ஒரு பாகம் எடுத்துவைக்க வேண்டும். ஒரே தரத்தில் உருக்கி எடை போட்டு முத்திரை குத்தினால்தான் அது நடக்கும். அதனால் 1533-ல் வாரக்கணக்கில் உலைகள் எரிந்தன. அவற்றை எரித்தவர்கள் அந்த மண்ணின் பொற்கொல்லர்கள். தங்கள் இனத்தார் செய்த நுண்வேலைகளைத் தங்கள் கையாலேயே அழிக்க வைக்கப்பட்டார்கள். சுமார் 6 டன் தங்கமும் சுமார் 12 டன் வெள்ளியும் கட்டிகளாயின. குதிரை வீரர் ஒருவரின் பங்கே ஏறத்தாழ 40 கிலோ தங்கம். சொன்னபடி கொடுத்தும் மன்னர் உயிர் தப்பவில்லை. 1533 ஜூலை 26 அன்று கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

உருக்காமல் ஸ்பெயினுக்கு அனுப்பிய சில பொருள்கள் செவில் நகரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பிறகு பேரரசர் ஐந்தாம் சார்லஸின் ஆணைப்படி அவையும் உலைக்குப் போயின. "இன்கா தங்கம் எங்கே ஒளிந்திருக்கிறது" என்று தேடுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். உருகிய தங்கம் நாணயமாகி, கடனடைத்து, போர்ச் செலவுக்குப் போய், மறுபடி மறுபடி உருகிவிட்டது. அதில் இன்காவின் கைத்தடம் எதுவும் மிச்சமில்லை.

கேள்வி: எல் டொராடோ வெறும் கட்டுக்கதைதானா?

பதில்: தங்க நகரம் கட்டுக்கதை. அதற்கு வித்திட்ட சடங்கு உண்மை. இன்றைய கொலம்பியாவில் வாழ்ந்த முயிஸ்கா மக்களின் புதிய தலைவர், உடலெங்கும் பொன்துகள் பூசிக்கொண்டு தெப்பத்தில் ஏரியின் நடுவுக்குப் போய்ப் பொன்னையும் மரகதத்தையும் காணிக்கையாகப் போடுவார் என்று ஸ்பானியர் எழுதிவைத்தார்கள். ஏரியின் பெயர் குவாட்டாவிட்டா. பொகோட்டாவுக்கு வடகிழக்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் வட்டமான கிண்ணம்போல் கிடக்கிறது.

இந்த ஏரியை வற்றவைக்க எடுத்த முயற்சிகள் தனிப் பாடம். 1545-ல் ஆட்களை வரிசையாக நிறுத்தி, குடுவை குடுவையாக நீரை இறைத்தார்கள். மூன்று மாதத்தில் நீர்மட்டம் சுமார் 3 மீட்டர் இறங்கியது, கரையோரத்தில் கொஞ்சம் பொன் கிடைத்தது. 1580-ல் செபுல்வேதா என்ற வணிகர் ஆயிரக்கணக்கானோரை வைத்து ஏரியின் விளிம்பையே பிளந்தார். நீர் சுமார் 20 மீட்டர் இறங்கியது. ஆனால் வெட்டிய பிளவின் இருபக்கமும் செங்குத்தான ஈரமண். தாங்கலோ சரிவோ கொடுக்காததால் அது இடிந்து பல தொழிலாளர்களைப் புதைத்தது, வாய்க்காலும் அடைபட்டது. அந்தப் பிளவு இன்றும் மலை விளிம்பில் தெரிகிறது.

கடைசிப் பெரிய முயற்சி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் செய்தது. ஏரியின் அடியிலிருந்து சுரங்கம் குடைந்து நீர் முழுவதையும் வடித்தார்கள். அடியில் ஒரு மீட்டருக்கும் அதிக ஆழத்துக்குச் சேறு. முதலில் அதில் கால்வைக்க முடியவில்லை. வெயில் பட்டதும் அதே சேறு சிமென்டாக இறுகிவிட்டது. துளையிடும் கருவிகள் வந்து சேர்வதற்குள் சுரங்கமும் சேற்றால் அடைபட்டு, மழைநீர் ஏரியை மறுபடி நிரப்பியது. சேற்றை ஈரமாக வைத்துக்கொண்டு பகுதி பகுதியாக அலச வேண்டும் என்ற திட்டமே அவர்களிடம் இல்லை. கிடைத்ததை ஏலம் விட்டும் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை, நிறுவனம் பின்னர் நொடித்துப்போனது. 1965-ல் கொலம்பிய அரசு ஏரியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது.

சடங்குக்கு நல்ல சாட்சி கிடைத்ததோ ஏரியில் அல்ல, பாஸ்கா என்ற ஊருக்கு அருகே ஒரு குகையில். 1969-ல் விவசாயிகள் ஒரு மண்பானைக்குள் கண்டெடுத்த தங்கத் தெப்பம் அது. நீளம் 19.5 செ.மீ., அகலம் சுமார் 10 செ.மீ. நடுவில் பெரிய உருவமாகத் தலைவர், சுற்றிலும் சிறிய உருவங்கள். எண்பது விழுக்காட்டுக்கு மேல் தங்கம், மீதி வெள்ளியும் செம்பும்.

செய்த விதம் மெழுகு வார்ப்பு. தேன்மெழுகில் உருவம் செய்து, மெல்லிய மெழுகுத் திரிகளால் கண், மூக்கு, அணிகலன்களை ஒட்டுவார்கள். அதன் மேல் கரித்தூள் கலந்த நைசான களிமண் குழம்பு, பிறகு கரடான களிமண். சூடாக்கினால் மெழுகு உருகி வடியும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். அச்சு போதுமான சூட்டில் இல்லாவிட்டால், திரி அளவே உள்ள மெல்லிய இடங்களுக்கு உலோகம் ஓடிச் சேருமுன் உறைந்து ஓட்டை விழும். தெப்பத்தில் இருப்பவை பெரும்பாலும் அப்படிப்பட்ட மெல்லிய இடங்கள்தான். அதை ஒரே வார்ப்பில் எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொகோட்டா தங்க அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்கு முன் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். அச்சை உடைத்துத்தான் பொருளை எடுக்க முடியும் என்பதால் இரண்டாவது பிரதி கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் சியேச்சா ஏரியில் இதேபோல் ஒரு தெப்பம் கிடைத்தது. பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் பிரேமன் துறைமுகத்தில் தீயில் அழிந்தது. அது உண்மையிலேயே தொலைந்த புதையல்.

கேள்வி: பண்டைய எகிப்திய மன்னர் டூட்டன்காமனின் கல்லறையைத் திறந்தவர்கள் எல்லோரும் சாபத்தால் இறந்தார்களா?

பதில்: இல்லை. பண உதவி செய்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில், கொசுக்கடியைச் சவரக்கத்தி கீறி நச்சேறியதால் இறந்தார். கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை வாழ்ந்தார்.

கேள்வி: அதே டூட்டன்காமனின் தங்க முகமூடியில் தாடி உடைந்து பசை போட்டு ஒட்டினார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 2014-ல் கெய்ரோ அருங்காட்சியகத்தில் தாடி கழன்றது. அவசரத்தில் எபாக்சி பசையால் ஒட்டினார்கள். பசை வழிந்து தாடிக்கும் முகவாய்க்கும் இடையே மஞ்சளாகத் தெரிந்தது.

எபாக்சியால் ஒட்டியதில் என்ன தவறு என்று பலர் கேட்கிறார்கள். பழம்பொருள் பராமரிப்பில் முதல் விதி, இன்று செய்வதை நாளை ஒருவர் பொருளுக்குக் கேடின்றி நீக்க முடிய வேண்டும் என்பது. எபாக்சி இறுகினால் எளிதில் கரையாது. சுரண்டினால் தங்கத்தில் கீறல் விழும், ஏனென்றால் தங்கம் மென்மையான உலோகம். 2015-ல் எகிப்திய-ஜெர்மன் குழு முகமூடியை மெதுவாகச் சூடாக்கிப் பசையை இளக்கி, மரக் கருவிகளால் மட்டுமே கொஞ்சம் கொஞ்சமாக நீக்கியது. பிறகு பண்டைய எகிப்தியர் பயன்படுத்திய தேன்மெழுகைக் கொண்டே தாடியைப் பொருத்தினார்கள். மெழுகு இளஞ்சூட்டிலேயே விட்டுக்கொடுக்கும். 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள முகமூடி அது. பசை போட்ட நேரம் சில நிமிடம் இருக்கலாம், அதை நீக்க வாரக்கணக்கில் ஆனது.

கேள்வி: ஸ்வீடனின் வாசா கப்பல் முதல் பயணத்திலேயே மூழ்கியது ஏன்? 300 ஆண்டுக்கு மேல் நீரில் கிடந்த மரம் மக்காமல் இருந்தது எப்படி?

பதில்: இரண்டும் நல்ல கேள்விகள். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து கிளம்பி ஏறத்தாழ 1,300 மீட்டர் போனதும் வாசா சாய்ந்து மூழ்கியது. இரண்டு அடுக்குகளில் 64 வெண்கலப் பீரங்கிகள். கப்பல் ஆடாமலிருக்க அடியில் அடுக்கிய பாரக்கற்கள் சுமார் 120 டன். மேலே அடுக்கிய எடைக்கு அது போதவில்லை. இன்னும் கற்களை ஏற்றியிருந்தால் கப்பல் நீரில் இறங்கி, கீழ் அடுக்குப் பீரங்கித் துளைகள் நீர்மட்டத்துக்கு மிக நெருங்கியிருக்கும். ஆக, கோளாறு கல்லின் அளவில் அல்ல, உடலமைப்பிலேயே இருந்தது. கிளம்பு முன் 30 பேரை மேல்தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சோதனையை நிறுத்தினார் தளபதி ஃபிளெமிங். நிறுத்தியவர் பயணத்தை நிறுத்தவில்லை, மன்னர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். காற்று ஒரு முறை பலமாக அடித்ததும் திறந்திருந்த கீழ்த் துளைகள் வழியே நீர் புகுந்தது.

கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டு ஸ்வீடன் அடிக்கணக்கு, 12 அங்குலம். இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடிக்கணக்கு, 11 அங்குலம். இரு குழுக்கள் இரு கோல்களால் அளந்து வேலை செய்திருக்கிறார்கள். கப்பலின் இருபக்கமும் சமமாக இல்லை என்பதற்கு இது ஒரு விளக்கம்.

இனி மரம். வெப்பமான, உப்பு மிகுந்த கடல்களில் கப்பல் புழு மரத்தைத் துளைத்துத் தின்றுவிடும். பால்டிக் கடலின் அந்தப் பகுதியில் உப்பு குறைவு, அதனால் புழு பிழைக்காது. போதாததற்கு நகரத்துக் கழிவுநீர் கலந்து கடலடியில் ஆக்சிஜனே இல்லாமல் போனது. மக்கவைக்கும் பூஞ்சைகளுக்கும் வேலையில்லை. ஆண்டர்ஸ் ஃபிரான்சென் என்பவர் கயிற்றில் கட்டிய சிறு துளைப்புக் கருவியைக் கடலடியில் இறக்கி இறக்கிப் பார்த்து, 1956-ல் கருத்துப்போன கருவாலி மரத் துண்டு மாட்டிக்கொண்டு வந்ததைக் கண்டு இடத்தை உறுதிசெய்தார். ஆழம் 32 மீட்டர். முக்குளிப்பவர்கள் கப்பலின் அடியில் நீர்ப்பீச்சிகளால் ஆறு சுரங்கங்களைக் குடைந்து எஃகு வடங்களைக் கோத்தார்கள். இருட்டில், தலைக்கு மேல் கப்பலின் முழு எடை. பழைய இரும்பு ஆணிகள் துருப்பிடித்து விழுந்த ஆயிரக்கணக்கான துளைகளையும் அடைத்த பிறகே தூக்க முடிந்தது. 1961 ஏப்ரல் 24 அன்று வாசா மேலே வந்தது.

நீரிலிருந்து எடுத்தவுடன்தான் உண்மையான ஆபத்து தொடங்கும். நீர் நிறைந்த மரச் செல்களிலிருந்து நீர் ஆவியாகும்போது அதன் இழுவிசையே செல் சுவர்களை உள்வாங்கி நொறுக்கும். மரம் சுருங்கி வெடிக்கும். அதனால் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை நீரில் கரைத்து, செறிவைச் சிறிது சிறிதாகக் கூட்டி 17 ஆண்டுகள் தெளித்தார்கள். எடுத்த எடுப்பில் செறிவான கரைசலைத் தெளித்தால் உள்ளிருக்கும் நீர் வேகமாக வெளியேறி, தடுக்க நினைத்த சுருக்கமே வந்துவிடும். தெளிப்பு 1979-ல் நின்றது, அதன் பின் மெதுவாக உலர்த்த இன்னும் சுமார் ஒன்பது ஆண்டு.

அத்தோடும் முடியவில்லை. கப்பலைக் காத்த அதே அழுக்குநீரிலிருந்து கந்தகம் மரத்தில் ஏறியிருந்தது. காற்றுப் பட்டதும், துருவிலுள்ள இரும்பு தூண்டிவிட, அது கந்தக அமிலமாக மாறத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு மழை மிகுந்த கோடையில் பார்வையாளர் கூட்டத்தால் ஈரப்பதம் ஏறியபோது மரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புகள் பூத்ததைக் கண்டார்கள். குளிரூட்டும் அமைப்பை மாற்றினார்கள். கப்பலைத் தூக்கிய பிறகு பொருத்திய 5,000-க்கும் மேற்பட்ட இரும்பு மரையாணிகளைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றினார்கள். இப்போது ஒப்பு ஈரப்பதத்தை 53 விழுக்காட்டை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். தூக்கிய செலவைவிடத் தொடர்ந்து காக்கும் செலவை யோசிக்காமல் எந்த மரக்கப்பலையும் நீரிலிருந்து எடுக்கக் கூடாது என்பதற்கு வாசாவே சான்று.

கேள்வி: புதையல் இருக்கும் இடங்களைப் பட்டியலிட்ட செப்புச் சுருள் ஒன்று உண்டாமே?

பதில்: உண்டு. 1952-ல் சாக்கடல் அருகே கும்ரான் மூன்றாம் குகையில் கிடைத்தது. மற்ற சுருள்கள் தோலிலும் பாப்பிரஸிலும் இருக்க, இது மட்டும் செம்புத் தகடு. அகலம் 30 செ.மீ., விரித்தால் நீளம் சுமார் 2.4 மீட்டர். செம்பு முழுவதும் களிம்பேறி, பிரித்தால் நொறுங்கும் நிலை. எனவே 1955-56-ல் மான்செஸ்டரில் பேராசிரியர் ரைட் பேக்கர், மேற்பரப்பில் பசை பூசித் துகள் உதிராமல் பிடித்துவைத்து, மெல்லிய ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து 23 துண்டுகளாக்கினார். எழுத்துகளின் இடையே அறுக்க முயன்றார், ஆனாலும் சில எழுத்துகள் தப்பவில்லை.

உள்ளே அறுபதுக்கு மேற்பட்ட இடங்களின் பட்டியல். முதல் பதிவு: ஆகோர் பள்ளத்தாக்கின் இடிபாட்டில், கிழக்கே நோக்கிய படிகளின் அடியில் 40 முழம், 17 தாலந்து எடையுள்ள வெள்ளிப் பெட்டி. எந்த இடிபாடு, எந்தப் படி என்று எழுதியவருக்கும் அவர் ஊராருக்கும் தெரியும், நமக்குத் தெரியாது. கடைசிப் பதிவு இன்னும் வருத்தம் தருவது: அளவுகளையும் விளக்கங்களையும் முழுதாகக் கொண்ட பிரதி வேறொரு குழியில் இருக்கிறது என்கிறது. அந்தப் பிரதி கிடைக்கவில்லை, பட்டியலில் உள்ள பொருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சுருளை அம்மானில் உள்ள ஜோர்டான் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கேள்வி: அலெக்சாண்டரின் கல்லறை எங்கே?

பதில்: எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இருந்தது என்பது உறுதி. கி.மு. 323-ல் பாபிலோனில் இறந்தவரின் உடலை மாசிடோனியாவை நோக்கிக் கொண்டுபோகும் வழியில் தளபதி தாலமி மடக்கி மெம்ஃபிஸுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டிரியாவுக்கு மாறியது. பணமுடை வந்தபோது பின்னாளைய தாலமி மன்னர் ஒருவர் தங்கப் பேழையை எடுத்துக்கொண்டு கண்ணாடி போன்ற ஒன்றில் உடலை வைத்தார். அகஸ்டஸ் கி.மு. 30-ல் அதைப் பார்த்தார். கி.பி. 215-ல் கராகல்லா பார்த்தார். கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவப் போதகர் ஜான் கிறிசோஸ்டம் "அலெக்சாண்டரின் கல்லறை எங்கே, காட்டு" என்று கேட்கும் அளவுக்கு மறைந்துவிட்டது. இடையில், 365-ல், நகரைப் பெரும் கடல்கோள் தாக்கியது.

பழைய நகரின் மேலேயே புதிய நகரம் நிற்கிறது, நிலமும் தாழ்ந்து நிலத்தடி நீர் ஏறிவிட்டது. கண்ட இடத்தில் தோண்ட முடியாது. "அலெக்சாண்டர் பேழை" என்று இஸ்தான்புல்லில் காட்டுவது சிடோன் நகரில் கிடைத்த வேறொருவரின் பேழை. அலெக்சாண்டருடையது என்று ஒரு காலத்தில் நம்பப்பட்ட, லண்டனில் உள்ள கறுப்புக் கற்பேழையை நெப்போலியன் படை ஒரு மசூதியிலிருந்து எடுத்தது. எழுத்தைப் படித்தபோது அது எகிப்திய மன்னர் இரண்டாம் நெக்டனிபோவுடையது என்று தெரிந்தது. அதன் அடியில் நீர் வடியத் துளைகள் உண்டு, இடைக்காலத்தில் குளியல் தொட்டியாக இருந்திருக்கிறது.

கேள்வி: ரஷ்யாவின் ஆம்பர் அறை என்ன ஆனது?

பதில்: கல்லாகிப்போன மரப்பிசினால் ஆன சுவர்த் தகடுகள், மொத்தம் 6 டன்னுக்கு மேல். 1716-ல் பிரஷ்யா பீட்டர் பேரரசருக்குக் கொடுத்தது. 1941-ல் ஜெர்மன் படை நெருங்கியபோது ஊழியர்கள் கழற்றப் பார்த்தார்கள். காய்ந்துபோன ஆம்பர் பொடிந்து உதிர்ந்தது. அதனால் சுவர்க் காகிதம் ஒட்டி மறைத்தார்கள். ஜெர்மானியர் 36 மணி நேரத்தில் பெயர்த்து 27 பெட்டிகளில் கோனிக்ஸ்பெர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கோட்டை 1944 குண்டுவீச்சிலும் 1945 போரிலும் எரிந்தது. ஆம்பர் தீப்பிடித்து எரியும் பொருள். எனவே அங்கேயே அழிந்தது என்பதே நம்பத்தக்க முடிவு. 1997-ல் பிரேமனில் ஒரு கல் பதிப்போவியம் மட்டும் கிடைத்தது. இன்று காண்பது 1979 முதல் 2003 வரை பழைய படங்களைப் பார்த்துச் செய்த புதிய அறை.

கேள்வி: சீனக் கப்பல் தளபதி தமிழில் கல்வெட்டு வைத்தாரா?

பதில்: வைத்தார். செங் ஹோ 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்களை நடத்தியவர். 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் இறைவனுக்கும் காணிக்கை சொல்கிறது. மூன்றிலும் காணிக்கைகள் ஏறத்தாழ ஒரே அளவு: பொன் 1,000, வெள்ளி 5,000 என்று தொடங்கும். 1911-ல் இலங்கையின் காலி நகரில் மதகுக்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. முகம் மண்ணைப் பார்த்து இருந்ததால் எழுத்து பிழைத்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில்.

கேள்வி: கொலம்பியா கடலில் கிடைத்த சான் ஹோசே கப்பலின் தங்கம் யாருக்குச் சொந்தம்?

பதில்: 1708 ஜூன் 8 அன்று பிரிட்டிஷ் கப்பல்களுடன் நடந்த சண்டையில் கார்ட்டஹேனா அருகே சுமார் 600 பேருடன் மூழ்கியது. 2015-ல் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் கொலம்பியா கண்டுபிடித்தது. தன் கடலில் கிடப்பதால் தன்னுடையது என்கிறது கொலம்பியா. ஸ்பெயின் அரசுக் கப்பல் என்பதால் தன்னுடையது என்கிறது ஸ்பெயின். 1980-களிலேயே இடத்தைக் கண்டதாக ஓர் அமெரிக்க நிறுவனம் பங்கு கேட்கிறது. வெள்ளியைத் தோண்டியவர்கள் தங்கள் முன்னோர் என்று பொலிவியாவின் காரா காரா மக்கள் கேட்கிறார்கள். அவர்கள் குரலுக்கு நீதிமன்றத்தில் வலு குறைவு, நியாயத்தில் அல்ல.

ஸ்பெயினின் வாதத்துக்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1804-ல் மூழ்கிய மெர்சேதெஸ் என்ற ஸ்பானியப் போர்க்கப்பலிலிருந்து ஓர் அமெரிக்க நிறுவனம் 2007-ல் சுமார் 6 லட்சம் நாணயங்களை எடுத்தது. வேறொரு நாட்டு அரசின் போர்க்கப்பல் மீது தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2012-ல் 17 டன் எடையும் ராணுவ விமானங்களில் ஸ்பெயினுக்குப் போனது. எடுத்தவருக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை.

சான் ஹோசேயை அடையாளம் காண நாணயங்களைத் தொடக்கூடத் தேவைப்படவில்லை. ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களை இணைத்து முப்பரிமாண உருவாக்கியதில், கையால் வெட்டி அடித்த ஒழுங்கற்ற தங்கக் காசுகளில் ஹெர்குலிஸ் தூண்களும் கடலலைகளும் லிமா நாணயச்சாலைக் குறியும் 1707 என்ற ஆண்டும் தெரிந்தன. ஆகவே கப்பல் 1707-க்கு முன் மூழ்கியிருக்க முடியாது. 2025 நவம்பரில் ஒரு பீரங்கி, ஒரு பீங்கான் கோப்பை, மூன்று காசுகள் மட்டும் முதன்முறையாக மேலே எடுக்கப்பட்டன. 300 ஆண்டு உப்புநீரில் கிடந்த உலோகத்தில் உப்பு ஊறியிருக்கும். எடுத்து அப்படியே காயவிட்டால் உப்பு படிகமாகி மேற்பரப்பைப் பிளக்கும், அதிலும் இரும்பு மிக மோசமாகப் பாதிக்கப்படும். எனவே முதலில் நீரிலேயே ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். பெரிய இரும்புப் பீரங்கி என்றால் அதற்கே பல ஆண்டுகள் பிடிக்கும்.